வாழவந்தியில் பவணந்தி

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. ஏரி, படகு, மிளகாய் பஜ்ஜி, செல்ஃபி எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். இன்னும் உள்ளே போனால் சேர்வராயன் மலைச்சரிவின் காபிச் செடிகளுக்கு நடுவில் வாழவந்தி. கொல்லிமலையிலும் ஒரு வாழவந்தி நாடு உண்டு; நான் சொல்வது ஏற்காட்டு வாழவந்தி. 'வாழ வந்தவள்' என்று புது மருமகளைச் சொல்வது போல ஒரு ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

வங்கியில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அங்கே இரண்டு ஏக்கரில் காபியும், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியும் வைத்துக்கொண்டு, வருமானத்தைத் தவிர மற்ற எல்லா விதத்திலும் சௌக்கியமாக இருக்கிறார். அவர் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மகள், பிளஸ் டூ படிக்கிற பெண், ஒரு மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சார், நீங்க கம்ப்யூட்டர் பத்தி எழுதறவருன்னு தாத்தா சொன்னாங்க. இது ஆன் ஆகறதுக்குள்ள நான் குளிச்சிட்டு வந்துடறேன்."

அவள் சித்திக்குப் பள்ளியில் கிடைத்தது அது. சித்தி திருமணமாகித் திருப்பூர் போய்விட்டாள். கணினி இங்கேயே தங்கிவிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பக் காலத்துச் சரக்கு. 2 ஜிபி நினைவகம், சுழலும் ஹார்ட் டிஸ்க். அந்தத் திட்டத்தில் ஒரு விசேஷம் இருந்தது. மெஷினில் இரண்டு வாசல்கள். ஒன்று விண்டோஸ். மற்றது 'பாஸ்', அதாவது சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் முதலில் வெளியிட்ட லினக்ஸ் வகை. டெபியனை அடிப்படையாக வைத்து, இந்திய மொழிகளோடு செய்தது.

"பாஸ்னு ஒண்ணு இருந்துச்சே, பார்த்திருக்கியா?"

"சித்தி காலத்துலயே கடையில குடுத்து எடுத்துட்டாங்களாம் சார். எடம் அடைக்குதுன்னு."

இது அந்தப் பெண்ணின் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது வாசல் எதற்கென்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையென்றால் வீட்டார் அங்கே பீரோவை நகர்த்தி வைத்துவிடுவார்கள். இத்தனைக்கும் தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2000-களின் நடுப்பகுதியில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். முதலில் தன் அலுவலகத்தையே சூஸ் லினக்ஸுக்கு மாற்றிக் காட்டிவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்தார். அதே காலத்தில் நம் மேல்நிலைப் பாடப்புத்தகம் ஸ்டார் ஆபீஸ் கற்றுக்கொடுத்தது. 2018-இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்திலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டு இருக்கிறது. பெண்ணிடம் கேட்டேன்.

"உபுண்டு தெரியுமா?"

"தெரியும் சார். ரெண்டு மார்க். பார்த்ததில்ல."

பக்கத்து மாநிலத்தில் வரிசையை மாற்றிப் போட்டார்கள். கேரளத்தின் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தில் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பிறகு பள்ளிகளில் லினக்ஸ். 2008-இல் எஸ்.எஸ்.எல்.சி.யின் கணினித் தேர்வையே முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் நடத்தினார்கள். பரீட்சைக்கு வருகிறது என்றால் நம் ஊரில் எதையும் படிப்பார்கள் என்கிற மனோதத்துவம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் கணினியைக் கொடுத்தோம். அவர்கள் வாத்தியாரைக் கொடுத்தார்கள்.

சரி, துண்டில் சுற்றிய குழந்தைக்கு வருவோம்.

இந்த மாதிரி வைத்தியம் இப்போது நாடு முழுக்கத் தேவைப்படுகிறது. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 போடலாமென்றால் டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய பிராசஸரும் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் 'வயசாயிடுச்சு' பட்டியலில் சேர்ந்துவிட்டன. தூக்கிப் போடலாம், அல்லது லினக்ஸ் போடலாம்.

போடும் முறை இப்போது சமையல் குறிப்பு அளவுக்குச் சுலபம். முதலில் போட்டோக்களையும் சான்றிதழ்களையும் வேறிடத்தில் பிரதி எடுங்கள். இதைச் செய்யாமல் தொடங்குகிறவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபம். பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியைக் கிளப்பி, நிறுவாமலேயே கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, தொடுபலகை நகர்கிறதா? எல்லாம் சரியென்றால் மட்டும் 'நிறுவு'. பழைய மெஷினுக்கு எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.க்யூ.டி. மாதிரி எளிய மேசைகளே நல்லது. சுத்தமான 32 பிட் கணினி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பெரிய வகைகள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டு வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அதில் புதிதாக நிறுவும் வசதியே இல்லை. இந்தக் கணினி, நல்லவேளை, 64 பிட்.

ஒரு பொய்யையும் சொல்லாமல் இருக்க வேண்டும். லினக்ஸ் போட்டால் கிழவன் குமரனாகிவிட மாட்டான். கணினி சீக்கிரம் எழுந்திருக்கும், கடிதம் அடிக்கும், பாட்டுப் பாடும். ஆனால் இன்றைய இணையதளங்கள் ஒவ்வொன்றும் ஒரு கல்யாணக் கூட்டத்தோடு வருகின்றன. 2 ஜிபியில் நாலு ஜன்னல் திறந்தால் எந்த இயங்குதளமும் மூச்சு வாங்கும். ஹார்ட் டிஸ்குக்குப் பதில் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 2 ஜிபியும் சேலத்தில் வாங்கிப் போட்டால்தான் முழுக் குணம். நண்பர் அதற்குப் பணம் கொடுத்தார். அரைமணியில் வேலை முடிந்தது. குளிக்கப் போக நேரமில்லாமல் கணினி எழுந்துவிட்டது.

இதுவரை உபகதை. நான் எழுத வந்த விஷயம் இனிமேல்தான்.

நிறுவும்போது முதல் கேள்வியே 'எந்த மொழி?' என்பதுதான். பெருமையோடு 'தமிழ்' என்று தட்டினேன். திரை முழுக்கத் தமிழ். அவள் பத்து நிமிஷம் பார்த்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இங்கிலீஷ்லயே வெச்சுடுங்க. தமிழ் கஷ்டமா இருக்கு."

வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், கனவில் தமிழ். திரையில் மட்டும் தமிழ் கஷ்டம். தப்பு அவளுடையதாக இருக்க முடியாது. ஆகவே அந்தத் தமிழை, ஒரு புத்தகத்தைப் படிப்பது போல, முதல் மெனுவிலிருந்து கடைசி எச்சரிக்கை வரை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன்.

படித்துவிட்டு விமர்சிக்கலாமா என்று ஒரு தயக்கம். இதைத் தமிழாக்கியவர்கள் யாரும் சம்பளம் வாங்கவில்லை. 2000-த்தின் ஆரம்ப வருஷங்களிலிருந்தே உலகின் பல மூலைகளில் உட்கார்ந்துகொண்டு தன்னார்வலர்கள் ராத்திரி முழித்துக் கே.டி.இ., க்னோம் போன்றவற்றின் ஆயிரக்கணக்கான வாக்கியங்களைத் தமிழில் தந்தார்கள். 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் தெறித்துப்போன காலத்தில் தொடங்கிய வேலை அது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.

ஆனால் இந்த மாட்டின் விஷயம் வேறு. கட்டற்ற மென்பொருளின் அடிப்படையே பல்லைப் பிடித்துப் பார்க்கலாம் என்பதுதான். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தபோதும், 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கெர்னலை ஊருக்குக் கொடுத்தபோதும் சொன்னதன் சாரம் இது: எடுத்துக்கொள், திறந்து பார், சரியில்லையென்றால் மாற்று, மாற்றியதைப் பிறருக்கும் கொடு. இங்கே குறை சொல்வது நன்றி கெட்டதனம் இல்லை. குறை சொல்லாமல் ஆங்கிலத்துக்கு ஓடிப்போவதுதான் நன்றி கெட்டதனம்.

அளவுகோலுக்கு அதிகம் தேடவில்லை. பவணந்தி முனிவர் இருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலில், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று பட்டியல் போட்டிருக்கிறார். அதில் நாலை எடுத்து வாழவந்தித் திரையில் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்துகிறது.

முதலாவது, மயங்க வைத்தல். தமிழாக்குபவருக்கு முழுத் திரை கிடைப்பதில்லை. பி.ஓ. கோப்பு என்று ஒன்று வரும். ஆங்கில வரி, கீழே ஒரு காலி வரி. மறுபடி ஆங்கில வரி, காலி வரி. இப்படிப் பக்கம் பக்கமாக. 'காப்பி' என்று ஒரு சொல் மட்டும் வந்தால் அது 'நகலெடு'வா, 'நகல்' என்கிற பெயர்ச்சொல்லா? 'ரைட்' என்றால் வலதா, சரியா? 'ஓப்பன்' என்றால் திறவா, திறந்திருக்கிறதா? முன்பின் தெரியாமல் குத்துமதிப்பாக எழுத வேண்டும். நிரலர்கள் சந்தர்ப்பக் குறிப்பு எழுத வசதி இருக்கிறது, பலர் எழுதுவதில்லை.

இதற்கு ஒரு ரத்தினமான உதாரணம். பெண்ணின் அப்பா மாலையில் வந்தார். மலையாளி பழங்குடியைச் சேர்ந்தவர் ('மலை ஆளி', கேரளத்துக்காரர் இல்லை). தமிழ் மட்டும் சரளமாகப் படிப்பார். திரையில் டிஸ்க்கின் விவரத்தை எழுத்துக்கூட்டினார்.

"இலவசம், தொண்ணூத்தாறு ஜிபி. ஏனுங்க சார், இதும் இலவசமா? ரேஷன் கடையில குடுக்கறாங்களா?"

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ'. காலியிடம் என்று அர்த்தம். யாரோ ஒரு நல்ல மனிதர் சந்தர்ப்பம் தெரியாமல் 'இலவசம்' என்று எழுதிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், இந்த 'ஃப்ரீ'தான் இயக்கத்துக்கே தலைவலி பிடித்த சொல். 'இனாம் அல்ல, சுதந்திரம்' என்று ஸ்டால்மன் பல வருஷமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தமிழுக்கு அந்தத் தொல்லையே இல்லை. 'இலவசம்' வேறு, 'கட்டற்ற' வேறு, 'காலி' வேறு. ஆங்கிலத்தில் ஒரு சொல் தடுமாறும் இடத்தில் நம்மிடம் மூன்று இருக்கிறது. மூன்றில் தப்பானதை எடுத்ததுதான் சோகம்.

இரண்டாவது, மாறுகொளக் கூறல். ஒரு நிரலில் 'கோப்புறை'. அடுத்ததில் 'அடைவு'. ஒன்றில் 'பணிமேடை', இன்னொன்றில் 'மேசைத்தளம்'. ஒன்றில் 'ரத்து', இன்னொன்றில் 'தவிர்'. ஒவ்வொன்றும் தனியாக நல்ல சொல்தான். ஒரே வீட்டில் சமையலறைக்கு அறைக்கு அறை வேறு பெயர் இருந்தால் விருந்தாளி பட்டினிதான். குழுவுக்குக் குழு, வருஷத்துக்கு வருஷம் ஆள் மாறியதன் விளைவு இது. திறமைக் குறைவு இல்லை. ஒரு பொது அகராதிக்குக் கட்டுப்படாத குறை.

மூன்றாவது, வழூஉச்சொல் புணர்த்தல். இது தமிழுக்கே உரிய சங்கடம். ஆங்கிலத்தில் 'இன்னதை நீக்கவா?' என்று கேட்கும் வாக்கியத்தில் இன்னதன் இடத்தில் ஒரு காலிக் குழி இருக்கும். ஓடும்போது கணினி அதில் கோப்பின் பெயரைப் போட்டுக்கொள்ளும். ஆங்கிலத்துக்குப் பிரச்னை இல்லை, பெயர் மாறுவதில்லை. தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்கிற ஜாதி. அதனால் 'கடிதம் ஐ நீக்கவா', 'அம்மா படம் இல் எழுத முடியவில்லை' என்று உருபுகள் அனாதையாகத் தொங்குகின்றன. அந்தப் பெண்ணுக்குக் 'கஷ்டமா இருக்கு' என்று தோன்றியதில் பாதி இந்த அனாதைகளால்தான். நல்ல மொழிபெயர்ப்பாளர் குழியைச் சுற்றி வாக்கியத்தை மாற்றிக் கட்டுவார்: 'நீக்கப்போகும் கோப்பு: கடிதம். நீக்கலாமா?' உருபுக்கே வேலையில்லை. சில இடங்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள். பார்த்ததும் கைகொடுக்கத் தோன்றியது.

நாலாவது, சென்றுதேய்ந்து இறுதல். முதல் மெனு அருமையான தமிழ். இரண்டாவது அடுக்கில் பாதித் தமிழ். மூன்றாவது அடுக்கில், அதாவது ஏதாவது கெட்டுப்போய் உண்மையில் உதவி தேவைப்படும் இடத்தில், முழு ஆங்கிலம். 'வணக்கம்' தமிழில் சொல்லிவிட்டு விபத்து நேரத்தில் மட்டும் இங்கிலீஷ் பேசும் வைத்தியரைப் போல. பவணந்தி இதைக் கணினிக்காகவே சொல்லிவைத்தாரோ என்று சந்தேகம் வருகிறது.

மரியாதைப் பிரச்னை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'திற', 'மூடு', 'சேமி', 'வெளியேறு' என்று பொத்தான்கள் ஒருமையில் இருக்கின்றன. அப்பா முகம் சுளித்தார்.

"வெளியேறுங்குது. யாரைச் சொல்லுதுங்க, என்னையா?"

யோசித்தால் பொத்தானின் ஒருமை சரிதான். பொத்தானில் இருப்பது மெஷினுக்கு நாம் இடும் கட்டளை. மெஷினை 'திறவுங்கள் ஐயா' என்று கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் செய்திப் பெட்டியில் பேசுவது மெஷின், கேட்பது நாம். அங்கே 'கடவுச்சொல்லை உள்ளிடு' என்று அதட்டினால் தப்பு. 'உள்ளிடவும்' வேண்டும். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்கிற இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதித் திரை கண்ணியமாகிவிடும். 'வெளியேறு' மட்டும் எனக்கும் உறுத்துகிறது. போலீஸ் லாரி ஞாபகம் வருகிறது.

தனித்தமிழ் ஜாஸ்தி என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. கோப்பு, உலாவி, கடவுச்சொல், மென்பொருள், இணையம் எல்லாம் ஒரு காலத்தில் சிரிக்கப்பட்ட சொற்கள். இன்று செய்தித்தாளில் யோசிக்காமல் புரள்கின்றன. வேர் பிடித்தது பிடித்ததுதான். அதேபோல வேர் பிடித்த வேற்றுச் சொல்லையும் விட்டுவிட வேண்டும். வெள்ளைக்காரக் கலெக்டர் காலத்தில் இந்த மலைக்கு வந்த செடியை இங்கே எல்லாரும் காபி என்கிறார்கள். தோட்டத்தில் போய் 'குளம்பி எப்படி?' என்று கேட்டால் குதிரை விசாரிப்பதாக நினைப்பார்கள். சொல் நம்முடையதா என்பதைவிட வாக்கியம் நம்முடையதா என்பது முக்கியம். திரைத்தமிழில் சொற்கள் நன்றாகவே இருக்கின்றன. உடைந்து கிடப்பது வாக்கியம்.

மொத்தத்தில் என் தீர்ப்பு: உழைப்புக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. சொல்லாக்கத்துக்கு எழுபது. வாக்கியத்துக்கும் ஒருமைப்பாட்டுக்கும் நாற்பது. பாஸ் மார்க்தான். ஆனால் ஒரு பிளஸ் டூ பெண் ஆங்கிலத்துக்கு ஓடுகிற பாஸ் மார்க். ஆங்கிலத்தில் எப்படியாவது சமாளித்துக்கொள்ள அவளால் முடியும். அவள் அப்பாவால் முடியாது. பட்டா விண்ணப்பமோ காபி விலையோ பார்க்க அவருக்குத் தமிழை விட்டால் வேறு வாசல் இல்லை. கணினி தெரிந்தவர்கள் எல்லாரும் 'இங்கிலீஷ்லயே வெச்சுடுங்க' என்று விலகிவிட்டால் திரைத்தமிழைத் திருத்தத் தெரிந்தவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. பார்க்கிறவர்களுக்குத் திருத்தத் தெரியாது. இந்த முடிச்சுதான் இருபது வருஷமாக அவிழாமல் இருக்கிறது.

கடைசி நாள் அவளிடம் சொன்னேன். "லினக்ஸ்ல ஆளுக்கொரு கணக்கு, கணக்குக்கு ஒரு மொழி வெச்சுக்கலாம். உனக்கு இங்கிலீஷ். அப்பாவுக்குத் தமிழ். ஆனா அப்பாவோட 'இலவச'த்தை நீதான் சரி பண்ணணும்."

"நானா? அதெல்லாம் மாத்த விடுவாங்களா சார்?"

"யாரு விடணும்?"

மொழிபெயர்ப்புக் கோப்பை ஒரு கட்டளையில் பிரித்தோம். தமிழும் ஆங்கிலமும் அடுக்கடுக்காகத் தெரிந்தது. அவளே தேடி 'இலவசம்' என்கிற சொல்லைப் பிடித்தாள். அழித்தாள். 'காலியிடம்' என்று அடித்தாள். இன்னொரு கட்டளையில் மறுபடி கோத்து இருந்த இடத்தில் வைத்தோம். எல்லாம் சேர்த்துக் கால் மணி. நிரலை மூடித் திறந்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள்.

"காலியிடம், தொண்ணூத்தாறு ஜிபி" என்று படித்தார். "ஆங், இப்பல்ல புரியுது. இவ்வளவு காலியா கெடக்குதா? ஒரு எம்.ஜி.ஆர். படம் போட்டுக் குடு கண்ணு."

அடுத்த அப்டேட் வந்தால் பழைய 'இலவசம்' மறுபடி வந்துவிடும். அதனால் திருத்தத்தைத் தமிழாக்கக் குழுவுக்கும் அனுப்பச் சொன்னேன். அவர்களும் சம்பளமில்லாதவர்கள், சரிபார்க்கத் தாமதமாகலாம் என்று எச்சரித்தேன். அவள் கேட்டது வேறு. நிரலின் 'பற்றி' பக்கத்தைத் திறந்து, அடியில் பொடி எழுத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் பெயர் வரிசையைக் காட்டினாள்.

"அனுப்பினா இதுல என் பேரும் போடுவாங்களா சார்?"

போடுவார்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். குழுவினர் யாராவது இதைப் படித்தால் என் மானத்தைக் காப்பாற்றவும்.